ஒரு நாள் பயிற்சி கடலில் எத்தனை நாள் நிற்கும்?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களில் மீனவர்களுக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் அரசு அலுவலர்களுக்கும் தொண்டு நிறுவனப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

பயிற்சி முடிந்ததும் உங்களில் சிலர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். “எவ்வளவு சொன்னாலும் இவங்க மண்டையில ஏற மாட்டேங்குது.” கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, தெரியும். காலையிலிருந்து தொண்டை வறளப் பேசியவர் மத்தியானம் “ஆபத்துன்னா எந்தச் சேனல்?” என்று கேட்டு, கூடமே தரையைப் பார்த்தால் அலுப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் அந்த வாக்கியம் தப்பு. குறை மண்டையில் இல்லை, ஏற்றுகிற விதத்தில் இருக்கிறது. நான் பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சமுதாயக்கூடத்தில் திரை கட்டி நீங்கள் காட்டும் படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். படகில் இருக்கும் வி.எச்.எப். ரேடியோ கருவியில் ஆபத்துக்கான சேனல் 16. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. உயிருக்கு ஆபத்து என்பதற்கான அழைப்புச் சொல்லான ‘மேடே’யை மூன்று முறை சொல்ல வேண்டும். அப்புறம் படகின் பெயர், பதிவு எண், அட்சரேகை, தீர்க்கரேகை, என்ன ஆபத்து, படகில் எத்தனை பேர். இவ்வளவும் ஒரே படத்தில். மூச்சு விடுவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது: லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை எந்த வரிசையில் மாட்டுவது. சரியான தகவல்கள்தான், உயிர் காக்கும் தகவல்கள்தான். அவை எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு விஷயத்தைக் கேட்டு, அதை மனதில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்ய மூளையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. செயல்பாட்டு நினைவு என்று பெயர். 1974-ல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இருவர் பிரிட்டனில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள்: காதில் விழுந்ததை உள்ளுக்குள் முணுமுணுத்து வைத்திருக்கும் பகுதி ஒன்று, கண்ணில் பட்ட உருவத்தையும் இடத்தையும் வைத்திருக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் மேய்த்துக் கவனத்தைப் பங்கு பிரிக்கும் பகுதி ஒன்று. இதில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் நிற்கும்? 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர் ஏழு, கூடக்குறைய இரண்டு என்றார். 2001-ல் நெல்சன் கோவன் ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, உண்மையில் நான்கு வாக்கில்தான் என்று சொன்னார். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் கலெக்டருக்கு நாற்பது, கடலுக்குப் போகிறவருக்கு நான்கு என்றெல்லாம் கிடையாது.

நிற்கும் நேரமும் சொற்பம். 1959-ல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதியர் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று ஆங்கில எழுத்துகளைச் சொல்லி, அடுத்த கணமே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். மனதுக்குள் எழுத்துகளைத் திரும்பச் சொல்லிப் பார்க்க வழியில்லாமல் செய்வதற்காக அந்தக் கழித்தல். 18 வினாடிக்குள் எழுத்துகள் பெரும்பாலும் காணாமல் போயின. மூன்றே எழுத்து! உங்கள் கூடத்தில் அந்தக் கழித்தலின் வேலையை அடுத்த படம் செய்கிறது.

“அப்படியென்றால் இவர்களுக்குக் கடல் மட்டும் எப்படி அத்தனை துல்லியமாக நினைவிருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் சித்தப்பா நாட்டுப்படகில் தண்டல், அதாவது படகை நடத்துபவர். விடிவதற்கு முன்னே கரையில் நின்று சட்டையைக் காற்றுக்குக் கொடுப்பார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நாலு அடி நடப்பார். ஒரு பீடி முடிவதற்குள், “இன்னிக்குத் தென்கடல் வேணாம், வடகடல்ல போவோம்” என்பார். தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா, வடகடல் என்றால் பாக் நீரிணைப் பக்கம். அந்த ஒரு முடிவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். காற்று கச்சானா, சோழகமா, இரண்டுக்கும் நடுவிலா. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது. பிறை எத்தனையாவது நாள். தண்ணீர் கலங்கலா தெளிவா. நேற்று கடலடியில் எந்தப் பாறைப் பாரில் யாருக்கு மீன்பாடு இருந்தது. கேன்களில் எவ்வளவு டீசல். கூட வருகிற பையன் புதுசா பழசா. நாலு இடமுள்ள நினைவில் இத்தனையும் எப்படி நின்றன?

தனித்தனியாக நிற்கவில்லை என்பதுதான் பதில். 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்கப் பலகையை ஐந்து வினாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்தில் நின்றார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துப்போட்டுக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருடைய செயல்பாட்டு நினைவு பெரியதாக இருந்ததில்லை. வருடக்கணக்கில் ஆடி ஆடி நீண்டகால நினைவில் சேர்ந்த அமைப்புகள், பார்த்த கணத்தில் சில காய்களைச் சேர்த்து ஒரே விஷயமாகக் கட்டிக் கொடுத்தன. நாலு கூடைக்குத்தான் இடம் என்றால், ஒரு கூடை எவ்வளவு கொள்ளும் என்பதை நீண்டகால நினைவு தீர்மானிக்கிறது.

கோவன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். செயல்பாட்டு நினைவு என்பது தனி அறையே அல்ல. நீண்டகால நினைவில் இந்த நிமிடம் தூண்டப்பட்டு விழித்திருக்கும் பகுதி, அதிலும் கவனத்தின் வெளிச்சம் விழும் சில இடங்கள், அவ்வளவுதான் என்பது அவருடைய பார்வை. பேட்லியும் 2000-ல் தன் வடிவத்தில் நான்காவதாக ஒரு பகுதியைச் சேர்த்தார். நீண்டகால நினைவிலிருந்து வருவதையும் இப்போது கண்ணும் காதும் தருவதையும் ஒன்றாக முடிந்து வைக்கும் இடம் அது. கருத்து வேறுபாடுகள் நிறைய உண்டு. ஆனால் இரண்டு நினைவும் ஓயாமல் கொடுத்து வாங்குகின்றன என்பதில் தகராறு இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதோடு ஒட்டாதது வெளியே நிற்கும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆய்வில் எஸ்.எப். என்று குறிப்பிடுவார்கள். எண்களைக் கேட்டு அதே வரிசையில் திரும்பச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லாரையும் போல ஏழு இலக்கம். சுமார் இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு 80 இலக்கம் வரை போனார். ஞாபக சக்தி வளர்ந்துவிட்டதா? எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னார்கள். பழையபடி ஆறில் வந்து நின்றார். விஷயம் இதுதான்: அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். கேட்கும் எண்களை எல்லாம் ஓட்டப்பந்தய நேரங்களாக, “ஒரு மைல் மூன்று நிமிடம் 49.2 வினாடி” என்கிற மாதிரி, மாற்றிக்கொண்டார். அவர் தலையில் ஏற்கெனவே குடியிருந்தது ஓட்டம். எண்களை அதில் கொண்டுபோய் மாட்டினார். 1980-ல் வெளிவந்த இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஆண்டர்ஸ் எரிக்சன், 1995-ல் வால்டர் கிஞ்ச்சுடன் சேர்ந்து ஒரு விளக்கம் எழுதினார். ஒரு துறையில் ஊறியவர்கள் நீண்டகால நினைவையே செயல்பாட்டு நினைவு போல வேகமாக எடுத்துப் புழங்குகிறார்கள் என்பது அதன் சாரம். சித்தப்பாவின் அந்தப் பீடி நேரம் அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது வானிலை அறிவிப்பை எடுங்கள். “மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்.” மூன்று எண், இரண்டு இடப்பெயர். நாலு தாண்டிவிட்டது. அதே நாளில் “பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க” என்று ஒருவர் சொன்னால், கயிற்றைக் கூடுதலாகக் கட்டவும், வள்ளத்தை மேட்டுக்கு இழுக்கவும், இன்ஜினைக் கழற்றவும் ஆட்கள் தானாகக் கிளம்புகிறார்கள். கூண்டு எண்கள் ஒன்று முதல் பதினொன்று வரை சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தவை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலின் கதைகளோடு சேர்ந்து வளர்ந்தவை. ஒரு எண் சொன்னால் அதன் பின்னால் ஒரு வீட்டு வேலைப் பட்டியலே எழுந்து வருகிறது. நீங்கள் வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்வதை நிறுத்த வேண்டாம். “45 என்றால் வள்ளத்தில் என்ன நடக்கும், நீங்களே சொல்லுங்கள்” என்று கூடத்தில் கேட்டு, அவர்கள் வாயால் வரவழைத்து, அந்த எண்ணை அதில் மாட்டிவிடுங்கள் என்கிறேன்.

புதியது எப்படி நீண்டகால நினைவுக்குப் போகிறது என்பதற்கு ஒரு மனிதர் பெரும் விலை கொடுத்துப் பாடம் தந்திருக்கிறார். ஹென்றி மோலைசன், அமெரிக்கர். தீராத வலிப்புக்காக 1953-ல் மூளையின் இரு பக்கத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியை, புதிய நினைவுகளைச் சேமிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு உட்பட, அகற்றினார்கள். அதன் பிறகு அவரால் பேச முடிந்தது, கணக்குப் போட முடிந்தது. ஓர் எண்ணைச் சொன்னால் அதையே மனதுக்குள் ஓட்டி வைத்திருக்கவும் முடிந்தது. கவனம் திரும்பியதும் எண் போய்விடும். எண் சொன்னார்கள் என்பதே போய்விடும். 2008-ல் இறக்கும் வரை ஏறக்குறைய அப்படியேதான். செயல்பாட்டு நினைவில் பிடித்து வைப்பதும், நிரந்தரமாகச் சேமிப்பதும் வேறு வேறு வேலை என்று அவரை வைத்துத்தான் உலகம் தெளிவாகப் பார்த்தது. கூடத்தில் நீங்கள் கேட்டதும் எல்லாரும் கோரஸாக “16!” என்பது முதல் வேலை. இரண்டாவது நடந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அவரிடம் இன்னொன்றும் தெரிந்தது. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு வரையும் வேலையை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. கைப்பழக்கம் போகும் பாதை வேறு. சிறுமூளையும் மூளையின் ஆழத்தில் உள்ள வேறு பகுதிகளும் அதில் வேலை செய்கின்றன. லைஃப் ஜாக்கெட் மாட்டுவதைத் திரையில் காட்டுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? இருட்டில், ஈரக் கையோடு, படகு ஆடும்போது பட்டையைக் கண்டுபிடிப்பது விரல்களின் நினைவு. அதற்கு ஜாக்கெட் ஆளாளுக்குக் கையில் வர வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் ஒன்றை ஒருவர் போட்டுக்காட்ட, மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்தால் ஆகாது.

ஆபத்து நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் கணக்கில் வையுங்கள். பயம் பிடித்தால் முதலில் தள்ளாடுவது செயல்பாட்டு நினைவுதான். அதைத் தாங்கும் முன்மூளைப் பகுதி கடும் பதற்றத்தில் சரியாக வேலை செய்யாது. நன்றாக ஊறிய பழக்கங்கள் அந்த நேரத்திலும் நிற்கும். இன்ஜின் நின்று, தண்ணீர் ஏறி, நாலு பேர் நாலு பக்கம் கத்தும்போது, கூடத்தில் கேட்டதை யோசித்து எடுக்கலாம் என்று நினைப்பது வீண். எனவே இரண்டே வழி. மிக முக்கியமான இரண்டு மூன்று காரியங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யும் அளவுக்குப் பழக்கிவிடுவது. மற்றதைத் தலையில் சுமக்க விடாமல் எழுதி ஒட்டிவிடுவது. ஜி.பி.எஸ். திரையில் வரும் இடக் குறிப்பில் பத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். அதை மனதில் வைத்து ரேடியோவில் சொல்லச் சொல்வது யாராலும் ஆகிற காரியமில்லை. திரையைப் பார்த்தே வாசிக்கப் பழக்குங்கள். பேச வேண்டிய வரிசையைப் பெரிய தமிழ் எழுத்தில், உப்புத் தண்ணீருக்கு உரியாத ஸ்டிக்கராக, படகின் பெயரும் பதிவு எண்ணும் நிரப்பி, ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பயிற்சிக்கு வரும் பையும் தொப்பியும் வேண்டாம். அந்தக் காசு இதற்குப் போதும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. விசைப்படகுகள் ராத்திரி முழுக்க இழுத்துவிட்டு விடியலில் கரை திரும்புகின்றன. மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கண் எரிய வரும் ஆட்களைக் காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள். தூக்கம் கெட்டால் கவனம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது பாதிதான். புதிதாகக் கற்றது நிலைப்பதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. 1994-ல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் இருவரும் எலிகளின் ஹிப்போகாம்பஸில், ஓடும்போது சேர்ந்து இயங்கிய செல்கள் பிறகு தூங்கும்போதும் சேர்ந்து இயங்குவதைப் பதிவு செய்தார்கள். அன்று நடந்ததை மூளை திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குச் சொல்லுங்கள், சொன்ன பிறகும் தூங்க விடுங்கள்.

இதனால்தான் ஒரே நாளில் ஆறு மணி நேரம் என்ற ஏற்பாட்டைக் கைவிடச் சொல்கிறேன். மறதி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கும் என்பதையும் அவரே சொன்னார். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். உங்கள் பயிற்சி ஐந்து நிமிடத்துக்கான பயிற்சி. கடல் ஒரு வாரம் கழித்துக்கூட இல்லை, ஒரு வருடம் கழித்துக் கேட்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். படகு மராமத்து, வலை மராமத்து. வாரம் ஒரு முறை, வலை பின்னும் கொட்டகைக்கே வந்து, அரை மணி நேரம் பேசுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லவே வேண்டாம். “போன தடவை இன்ஜின் நின்னப்ப என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் திருத்துவார்கள். “வடகடல்ல நின்னோம், பக்கத்துல எந்தப் படகும் இல்ல, போன் எடுக்கல.” அந்த இடத்தில் நிறுத்தி ரேடியோவைக் கையில் கொடுங்கள், கருவியை அணைத்து வைத்துக்கொண்டுதான், இல்லாவிட்டால் உண்மையான ஆபத்து அழைப்பு என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். யார், எங்கே, என்ன, எத்தனை பேர் என்று நாலே விஷயம். அடுத்த வாரம் வந்ததும் புதிதாக எதையும் தொடங்காமல் முதலில் அதையே கேளுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது, அவர்களுக்கு நாளை அவர்களைக் கேட்டே வையுங்கள்.

அப்புறம் டோக்கன். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் அலுவலகத்தில் வரிசையில் நின்று அனுமதி டோக்கன் வாங்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன? “16 எதுக்குண்ணே?” தெரியாவிட்டால் டோக்கனை நிறுத்த வேண்டாம், பின்னால் நிற்பவர் சொல்லிக்கொடுப்பார், சிரிப்பார்கள், அடுத்த முறை மறக்காது. செலவு ஒன்றுமில்லை.

வீட்டுப் பெண்களை இந்தப் பயிற்சிக்குக் கூப்பிடுவதே இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். படகு நேரத்துக்கு வராவிட்டால் முதலில் போனை எடுப்பவர்கள் அவர்கள்தான். 1093-ஐ அவர்களிடமும் கேட்டுப் பழக்குங்கள்.

கடலுக்குள்ளேயே பயிற்சி நடத்தினால்தான் கடலில் நினைவு வரும் என்று உங்களில் ஒருவர் மேடையில் சொன்னார். நீருக்கடியில் படித்த சொற்கள் நீருக்கடியில்தான் நன்றாக நினைவு வரும் என்று முக்குளிப்பவர்களை வைத்து 1975-ல் காடன், பேட்லி செய்த ஆய்வு அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது. அதே சோதனையைத் திரும்பச் செய்து 2021-ல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. கடலில் நடத்துங்கள், கைப்பழக்கத்துக்கு நல்லது. அந்த ஒரு ஆய்வை நம்பி மட்டும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் அறிக்கை. “இத்தனை பேர் பயிற்சி பெற்றனர்” என்று எழுதுகிறீர்கள். அது நாற்காலிக் கணக்கு. ஒரு மாதம் கழித்து அதே கிராமத்துக்குப் போய், முன்னறிவிப்பு இல்லாமல், பத்துப் பேரிடம் மூன்று கேள்வி கேட்டு, எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற ஒரு வரியையும் அறிக்கையில் சேருங்கள். முதல் வருடம் அந்த எண் மோசமாகத்தான் இருக்கும். மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் பாடங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்காரலாம் என்றால் நான் வருகிறேன், சித்தப்பாவையும் கூட்டி வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் வையுங்கள். காலையில் அவர் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்து உளவியல் ஆசிரியை